கவாத்துக்கு உரிய காலம்



தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் பழைய தனி வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் கொல்லைப்புறத்தில் ஒரு மாமரமோ கொய்யா மரமோ நிற்பதைக் காணலாம். மரம் வளர வளர அதன் கிளைகள் கூரையைத் தொடுகின்றன. அண்டை வீட்டு மதிலைக் கடக்கின்றன. உதிர்ந்த இலைகள் மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயை அடைக்கின்றன. அப்போது வீட்டார் அரிவாளை எடுக்கின்றனர். எந்தக் கிளையை வெட்டுவது என்று அனைவரும் யோசிக்கின்றனர். எந்த மாதத்தில் வெட்டுவது என்று யோசிப்பவர் மிகச் சிலரே. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழமரத்தின் வேண்டாத கிளைகளை முறையறிந்து கழிப்பதற்கு உழவர் வழங்கும் பெயர் கவாத்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பது வேறு. விறகுக்காகக் கிளை முறிப்பது வேறு. உலர்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, மரத்தின் நடுவே நெருங்கி வளர்ந்து ஒளியைத் தடுக்கும் கிளை ஆகியவற்றை நீக்கி, எஞ்சிய கிளைகளுக்கு வெயிலும் காற்றும் கிடைக்கச் செய்வதே கவாத்து. காலம் அறிந்து செய்தால் மரம் நன்கு காய்க்கும். காலம் தவறினால் யாது விளையும் என்பதை நான் என் தவற்றினாலேயே அறிந்தேன். அதனை உங்களிடம் மறைக்காமல் கூறிவிடுகிறேன்.

தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். அப்பள்ளியின் முற்றத்தில் பெரியதொரு ருமானி மாமரம் இருந்தது. உருண்டை வடிவும் மெல்லிய தோலும் உடைய ருமானிப் பழத்தைச் சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் நன்கு அறிவர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் வீசியபோது, அம்மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து மிதிவண்டிக் கொட்டகையின்மேல் விழுந்தது. அன்று பள்ளி விடுமுறையாதலால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அந்தக் காட்சி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மறு ஆண்டு நவம்பர் இறுதியில் ஒகி புயல் கன்னியாகுமரிப் பகுதியில் பேரழிவை விளைத்த செய்தி வந்ததும், மாமரத்தைச் சுற்றிலும் கழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் ஆங்கிலத் தோட்டக்கலை நூல் ஒன்று இருந்தது. பழமரங்கள் உறங்கும் குளிர்காலமே கவாத்துக்கு ஏற்றது என்று அதில் அச்சிட்டிருந்தது. பள்ளித் தோட்டக்காரரை அழைத்து மரத்தைக் காட்டினேன். அவர் செங்கல்பட்டுப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த முதியவர். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஐயா, மாவை இப்போ தொடக்கூடாதுங்க. பூ வர்ற நேரம். ஆடியிலேயே சொல்லியிருந்தீங்கன்னா செஞ்சிருப்பேன்” என்றார். நான் நூலைப் பிரித்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருப்பினும் பணிவோடு அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். “சரிங்க ஐயா” என்று சொல்லி அரிவாளைத் தீட்டச் சென்றார். டிசம்பர் நடுவில் மரத்தின் நுனிகள் சுற்றிலும் கழிக்கப்பட்டன. மதிலுக்கு அப்பால் அண்டை வீட்டு ஓட்டுக்கூரையின்மேல் நீண்டிருந்த ஒரு கிளை மட்டும் கைக்கு எட்டாமையால் விடப்பட்டது.

தை பிறந்தது. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மாமரங்கள் பூத்துக் குலுங்கின. எங்கள் பள்ளி மரமோ செம்பு நிறத் தளிரால் நிறைந்து நின்றது, பூ இல்லை. வெட்டாமல் விட்ட அந்த ஒரு கிளை மட்டும் நுனிதோறும் பூங்கொத்துகளைத் தாங்கியிருந்தது. இதனை முதலில் கண்டவர்கள் பிள்ளைகளே. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, மரமும் ஒன்றே; வேரும் ஒன்றே; தண்ணீரும் ஒன்றே. அந்தக் கிளை மட்டும் ஏன் பூத்தது?” என்று கேட்டாள். ஆண்டிறுதித் தேர்வு முடியும் நாளில் வகுப்புக்கு ஒரு கூடை மாங்காய் கொடுப்பது எங்கள் பள்ளியின் வழக்கம். அந்த ஆண்டு ஒரு வகுப்புக்கும் கொடுக்க இயலவில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடியபோதுதான் தோட்டக்காரர் கூறியதன் பொருள் எனக்கு விளங்கியது.

மாமரம் கிளையின் நுனியில் பூக்கிறது. எல்லா நுனியும் பூப்பதில்லை. முன்பே தளிர்த்து, செந்நிறம் மாறிப் பசுமையாகி, நன்கு முற்றிச் சில மாதங்கள் வளராமல் ஓய்ந்திருந்த நுனியே பூக்கும். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில் மார்கழி இரவுகள் குளிர்கின்றன. அப்போது அந்த முற்றிய நுனிகளில் உள்ள மொட்டுகள் பூமொட்டுகளாக மாறுகின்றன. தையிலும் மாசியிலும் பூங்கொத்துகளாக விரிகின்றன. ஆகவே டிசம்பரில் நுனியை வெட்டுபவர் அடுத்த கோடையின் பழத்தையே வெட்டுகிறார். எங்கள் பள்ளியில் நான் செய்தது இதுவே.

வெட்டிய இடத்தில் தளிர் மிகுதியாக வந்ததற்கும் காரணம் உண்டு. கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளை உண்டாக்குகிறது. அது கீழ்நோக்கிச் சென்று, பக்க மொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. 1930-களில் திமான், ஸ்கூக் என்னும் இரு அறிவியலார் ஒருவகை அவரைச் செடியைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். நுனியைக் கிள்ளியபோது பக்க மொட்டுகள் வளரத் தொடங்கின. கிள்ளிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது, நுனி இன்னும் இருப்பதுபோலவே பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. நீங்களும் ஒரு துளசிச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டுச் சில நாள்கள் கவனித்தால் பக்கக் கிளைகள் கிளம்புவதைக் காணலாம். மாமரத்திலும் அவ்வாறே நுனி போனதும் கீழ் மொட்டுகள் விழித்துத் தளிர் விட்டன. ஆனால் அந்தத் தளிர் இளையது. முற்றி ஓய்ந்தாலன்றி அது பூவாது. அதற்குள் பூக்கும் பருவம் கடந்துவிட்டது.

அப்படியானால் மாமரத்தை எப்போது கழிப்பது? காய் பறித்து முடிந்தவுடன் கழிக்க வேண்டும். நம் பகுதியில் சித்திரை முதல் ஆனி வரை மாம்பழக் காலம். நீலமும் ருமானியும் சற்றுப் பிந்தி, ஆடி வரை இருப்பதும் உண்டு. அறுவடை முடிந்த ஆடியில் நுனிகளைக் கழித்தால், தென்மேற்குப் பருவக் காலத்தில் மாலை வேளைகளில் பெய்யும் இடிமழையின் ஈரத்தில் மரம் தளிர்க்கும். அத்தளிர் முற்றுவதற்கு நான்கைந்து மாதங்கள் கிடைக்கும். மார்கழிக் குளிர் வரும்போது நுனிகள் பூப்பதற்கு ஆயத்தமாக இருக்கும். மரத்தின் உட்பகுதியில் நெருங்கிய கிளைகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கழிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோர்க்கு ஆடி விதைப்பு மாதம் மட்டுமன்று. மாந்தோப்பில் கத்தி எடுக்கும் மாதமும் ஆகும்.

என்னிடம் இருந்த ஆங்கில நூல் பிழையானது என்று எண்ணிவிடாதீர்கள். அது இங்கிலாந்தின் மரங்களுக்காக எழுதப்பட்டது. அங்கே ஆப்பிளும் பேரிக்காயும் இலையுதிர் காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. உணவு வேரிலும் தண்டிலும் சேமிப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டின் பூமொட்டுகள் முந்திய கோடையிலேயே குறுங்கிளைகளில் தோன்றிவிடுகின்றன. இலை இல்லாமையால் அம்மொட்டுகள் கண்ணுக்கு நன்கு தெரியும். கவாத்து செய்பவர் அவற்றை விட்டுவிட்டுப் பிற கிளைகளைக் கழிப்பார். அந்நாட்டிலும் எல்லா மரத்திற்கும் குளிர்காலம் பொருந்துவதில்லை. பிளம், செர்ரி ஆகிய மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டினால், காயத்தின் வழியே ஒரு பூஞ்சை புகுந்து வெள்ளியிலை நோயை உண்டாக்குகிறது. ஆதலால் அம்மரங்களைக் கோடையில் கழிப்பர்.

நம் தமிழ்நாட்டிலும் அத்தகைய இடங்கள் உண்டு. குன்னூரிலும் கொடைக்கானலிலும் பேரி, பிளம், பீச் முதலிய குளிர்நாட்டு மரங்கள் வளர்கின்றன. அவை அம்மலைகளின் குளிரில் இலையுதிர்த்து ஓய்கின்றன. அந்த ஓய்வுக் காலத்திலேயே அங்குக் கவாத்து நடைபெறுகிறது. என் நூலைக் குன்னூருக்குக் கொண்டு சென்றிருந்தால் ஓரளவு பயன்பட்டிருக்கும். தாம்பரத்து மாமரமோ டிசம்பரில் உறங்குவதில்லை. இலைகள் பசுமையாக இருக்க, உள்ளே பூவுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் வேறு. அங்கே பன்னீர் திராட்சை குளிரால் உறங்குவதில்லை. உழவர் கொடியை வெட்டும் நாளே அதற்குப் புத்தாண்டு. வெட்டியபின் வரும் புதிய தளிரில் பூ தோன்றி, ஏறத்தாழ 4 மாதங்களில் பழம் பறிக்கப்படுகிறது. தோட்டங்கள் வெவ்வேறு மாதங்களில் வெட்டப்படுவதால் ஆண்டு முழுவதும் அங்கே திராட்சை கிடைக்கிறது. இங்கே கவாத்து அறுவடை நாளையே குறித்துவிடுகிறது.

இப்போது நம் கொல்லையிலுள்ள மற்ற மரங்களைப் பார்ப்போம். கொய்யாவின் வழக்கம் மாவுக்கு நேர்மாறானது. அது புதிதாக வளரும் தளிரில், இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்தில் பூக்கிறது. எனவே நுனியை வெட்டுவதால் கொய்யாவுக்கு இழப்பில்லை. புதுத் தளிர் மிகும், பூவும் மிகும். கடந்த பருவத்தில் வளர்ந்த நுனியை 10 முதல் 15 சென்டிமீட்டர் அளவு, செப்டம்பர்–அக்டோபரில் ஒருமுறையும் பிப்ரவரி–மார்ச்சில் ஒருமுறையும் வெட்டுவது நம் மாநிலத்துப் பரிந்துரை. நேராக மேல்நோக்கி வளரும் கொய்யாக் கிளையை வளைத்துக் கயிற்றால் முளைக்குச்சியில் கட்டுவதும் உண்டு. வளைந்த கிளையில் நுனியின் ஆட்சி தளர்கிறது. பக்க மொட்டுகள் விழிக்கின்றன. முன்னே கூறிய ஆக்சின் செய்தியை இங்கே நினைவு கூருங்கள்.

எலுமிச்சைக்கு மிகுந்த கவாத்து வேண்டியதில்லை. உலர்ந்த சுள்ளிகளையும், முள் மிகுந்து நேராகக் கொழுத்து எழும் நீர்ப்போத்துகளையும் கண்டபோதெல்லாம் நீக்கினால் போதும். ஒட்டுக்கட்டிய மரமாயின், ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ள வேண்டும். அது வேர்ச்செடியின் தளிர், நாம் விரும்பிய பழத்தைத் தாராது. சப்போட்டாவுக்கும் இதே விதி பொருந்தும். மாதுளையை மழை ஓய்ந்த டிசம்பரில் கழிப்பர். சீத்தா மரம் கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்த்து நிற்கும். புதுத் தளிர் வருமுன், அந்த வேளையில் கழிப்பது நலம். பலா அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கிறது. அதன் உச்சிக் கிளைகளைக் குறைத்தாலும் காய் குறையாது. ஆனால் அடிமரத்தில் தோன்றும் குறுங்கிளைகளைத் தூய்மை செய்வதாக எண்ணிச் சீவிவிடலாகாது. பழம் அங்கேதான் தொங்கப் போகிறது.

ஆகவே, ‘பழமரத்தை எந்த மாதத்தில் வெட்டலாம்?’ என்று ஒருவர் கேட்டால், ‘உங்கள் மரம் எந்தக் கிளையில் பூக்கிறது?’ என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். பழைய நுனியில் பூக்கும் மரமாயின் காய் பறித்தவுடன். புதுத் தளிரில் பூக்கும் மரமாயின் தளிர் எழும் பருவத்திற்குச் சற்று முன். இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் மாதம் தானே புலப்படும்.

இனி, நான் அஞ்சிய புயலுக்கு வருகிறேன். என் அச்சம் தவறானதன்று. சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின. மறு ஆண்டு வார்தா புயலில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பூங்கா பல நாள்கள் மூடப்பட்டிருந்தது. நீர் ஊறித் தளர்ந்த மண்ணில், இலையடர்ந்த மரம் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டு சாய்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளை ஒட்டிய இடங்களில் பாறை மேலாகவே இருப்பதால் வேர் ஆழச் செல்வதும் அரிது. ஆகவே கிளைகளைக் குறைத்துக் காற்றுக்கு வழிவிடுவது பயனுடையதே.

ஆனால் அதனைப் புயல் எச்சரிக்கை வந்தபின் செய்வதில் பயனில்லை. அடைமழையில் வெட்டிய காயம் உலராது; பூஞ்சை எளிதில் புகும். வழுக்கும் மரத்தில் ஏறுபவரின் உயிருக்கும் ஊறு. மாமரத்தைப் பொறுத்தவரை, பழத்திற்கு ஏற்ற ஆடியும் ஆவணியும் புயலை எதிர்கொள்வதற்கும் ஏற்ற மாதங்களாக அமைந்திருக்கின்றன. வெட்டுக்காயம் ஆறத் தொடங்குவதற்கு ஐப்பசி மழைக்கு முன் போதிய நாள்கள் உள்ளன. தோட்டக்காரர் சொன்னபடி ஆடியில் செய்திருந்தால், பிள்ளைகளின் பாதுகாப்பும் கிடைத்திருக்கும். அவர்களுக்கு மாங்காயும் கிடைத்திருக்கும்.

வெட்டும் முறையையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கத்தியும் ரம்பமும் கூர்மையாக இருத்தல் வேண்டும். பருத்த கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது தன் பளுவால் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஆகையால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் கீழ்ப்புறத்தில் சிறிது அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேற்புறத்திலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்த வேண்டும். பின்னர் எஞ்சிய முண்டை நீக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் சற்றே புடைத்த ஒரு வளையம் உண்டு. அதற்கு வெளியே, அதனைச் சிதைக்காமல் அறுக்க வேண்டும். காயத்தைச் சுற்றி வளர்ந்து மூடும் புதுப்பட்டை அந்த வளையத்திலிருந்தே எழுகிறது. அமெரிக்க வன ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைப் பிளந்து ஆராய்ந்து இவ்வுண்மையை வலியுறுத்தினார்.

வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது நம் நாட்டுத் தோட்டங்களில் வழக்கம். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்து, இரண்டையும் கலந்து மொத்தம் 1 லிட்டர் ஆக்கிக்கொள்ளலாம். இரும்புப் பாத்திரம் கூடாது. மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ ஏற்றது. மயில்துத்தம் நஞ்சாதலால் பெரியவர்களே இதனைக் கையாள வேண்டும். பசை பூஞ்சையைத் தடுக்க உதவும். காயத்தை ஆற்றுவது மரமே. ஒரே ஆண்டில் மரத்தின் கால் பங்கிற்குமேல் வெட்டாதிருப்பதும் நலம். இலையே மரத்தின் அடுக்களை. அதனை முழுவதும் அழித்தால் மரம் பட்டினி கிடக்கும். வெட்டுமுன் கிளைகளில் பறவைக் கூடு உள்ளதா என்று பாருங்கள். கிளை மின்கம்பியைத் தொடுமாயின் எவரும் அருகில் செல்லலாகாது. மின்வாரியத்தாருக்குத் தெரிவிப்பதே முறை. சாலையோர மரத்தை நாமாக வெட்டலாகாது. உள்ளாட்சியின் இசைவு வேண்டும்.

2018-ஆம் ஆண்டு எங்கள் மரத்தில் ஒருவரும் கத்தி வைக்கவில்லை. பிந்தி வந்த தளிரெல்லாம் அவ்வாண்டு முழுவதும் முற்றியது. 2019-ஆம் ஆண்டு தையில் மரம் சுற்றிலும் பூத்தது. தேர்வு முடிந்த நாளில் வகுப்புக்கு ஒரு கூடை காய் கொடுத்தோம். கூடைகளை எடுத்துச் சென்று கொடுக்குமாறு நான் தோட்டக்காரரையே கேட்டுக்கொண்டேன். அவ்வாண்டு ஆடியில், எந்தெந்தக் கிளையைக் கழிப்பது என்று அவரே கோலால் சுட்டிக் காட்டினார். ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்க, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறினார். அன்றைய தாவரவியல் பாடத்தை நடத்தியவர் அவர். நான் பிள்ளைகளோடு நின்று கேட்டேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழமரம் இருக்குமாயின், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளிர் வந்த நாள், அது பசுமையான நாள், பூ தோன்றிய நாள், பூ தோன்றிய இடம் நுனியா, கக்கமா, அடிமரமா, காய் பறித்த நாள் ஆகியவற்றை ஓராண்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு வீட்டில் பெரியவர்கள் அரிவாளை எடுக்கும்போது, அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். அந்தப் பக்கங்கள் உங்கள் மரத்தைப் பார்த்தே எழுதப்பட்டவையாக இருக்கும்.